ஒற்றை டிக்கெட் போட்ட மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலம்தான். காலையில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜிலேயே அது தெரிந்தது. "அம்மா, என்ஜாய் பண்றீங்களா? ஃபோட்டோ போடுங்க, குரூப்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றாய். பண்ணினேன். நேற்று மத்தியானம் வரைக்கும் நன்றாகவே என்ஜாய் பண்ணினேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அல் ஐனில், ஜெபல் ஹஃபீத் மலையின் அடிவாரத்தில், நீ வாடகைக்கு எடுத்துக் கொடுத்த கேரவனுக்குள் மடக்கு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா வெளியே நாற்காலி போட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். "ரொம்பத் திட்டாத" என்று மட்டும் சொன்னார். அதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தமிழ்ச் சங்கத்து மலருக்கு மகளிர் பக்கத்தில் போட என்னிடம் ஒரு சமையல் குறிப்பு கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். பயப்படாதே, உன் பெயர் இருக்காது, என் பெயரும் இருக்காது. படிக்கிறவர்களில் பாதிப் பேர் இது தங்கள் வீட்டு விஷயம் என்றுதான் நினைப்பார்கள், அவ்வளவு சகஜமாகிவிட்டது இந்த அநியாயம். அச்சுக்குப் போவதற்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும் என்பதற்காக உனக்கு முதலில் அனுப்புகிறேன். இந்த ஒரு சலுகைதான் உனக்கு.

எங்கள் கல்யாண நாளன்று குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஒரு சின்ன டப்பாவை நீட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே வண்டிச் சாவி. உன் மனைவி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கேரவன் என்றதும் எனக்கு ஷூட்டிங்கில் நடிகைகள் போய் உட்காருவார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றாய். ஹத்தா, கோர்ஃபக்கான், ஜெபல் ஜைஸ், அல் ஐன் என்று எல்லா ஊரையும் நீயே திட்டம் போட்டிருந்தாய். "நீங்க ரெண்டு பேரும் ஹனிமூனே போனதில்லையேம்மா. அதான்" என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீடியோவில் அதுவும் பதிவாகியிருக்கும். தயவுசெய்து அதை அழித்துவிடு. என்னை ஏமாற்றி வரவழைத்த கண்ணீர் அது.

கிளம்பின நிமிஷத்திலிருந்து உன் தொல்லை ஆரம்பித்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று உன் ஃபோனில் தெரிகிறதாமே. பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிஷம் கூட நின்றுவிட்டால், "ஏம்மா நிக்கறீங்க?" என்று ஒரு மெசேஜ். நூறுக்கு மேல் போகக் கூடாது, இருட்டின பிறகு ஓட்டக் கூடாது, கழிவுத் தொட்டியைக் காலி பண்ணும்போது அப்பா கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் இத்தனை வருஷம் லாரிகளை அனுப்பி வாங்கிய மனுஷனுக்கு நீ ரோடு சொல்லித் தருகிறாய். அவரும் எல்லாவற்றுக்கும் பொறுமையாகக் கட்டை விரலைத் தூக்கி ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஹத்தா அணையில் மிதிபடகில் ஏறினோம். அவர் ஒரு பக்கம் மிதிக்க, நான் ஒரு பக்கம் மிதிக்க, படகு நடுத் தண்ணீரில் போய் நின்ற இடத்திலேயே வட்டம் அடித்தது. "நீ கொஞ்சம் மெதுவா மிதியேன்" என்கிறார். "நீங்க கொஞ்சம் வேகமா மிதிங்க" என்கிறேன். பக்கத்துப் படகில் இருந்த ஃபிலிப்பைன்ஸ் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஜெபல் ஜைஸ் மலை ஏறும்போது, நீ வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நான் தூக்கி வந்த இட்லி மாவு, ஃப்ரிட்ஜைப் போட மறந்ததால் பொங்கி, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து, உன் அப்பாவின் புது ஷூ வரைக்கும் வந்துவிட்டது. மலை உச்சியில், ஊரே வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் முட்டி போட்டு மாவு அள்ளிக்கொண்டிருந்தோம். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் வயிறு வலித்தது. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்திருக்க மாட்டாய்.

அதற்கு முந்தின நாள் கோர்ஃபக்கானில் நடந்ததை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தி, சாப்பிட்டு முடித்ததும், கொஞ்சம் படுக்கிறேன் என்று அவர் பின்பக்கம் போனார். அங்கே மேலும் கீழுமாக இரண்டு அடுக்குக் கட்டில் இருக்கிறது, உனக்குத் தெரியும். பாத்திரம் கழுவிவிட்டு நான் போய்ப் பார்த்தால் கீழ்க் கட்டிலையே காணோம். மேல் மெத்தைக்கு அடியில் லுங்கியின் ஓரத்தைச் செருகி, திரை மாதிரித் தொங்கவிட்டிருந்தார். விலக்கிப் பார்த்தேன். உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தார். கண்ணாடி, ஃபோன், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைமாட்டில் மாட்டி வைத்திருந்தார்.

"என்னங்க இது? யாருக்கு மறைக்கிறீங்க? நானும் நீங்களும்தானே இருக்கோம்?"

எழுந்து உட்கார்ந்து லுங்கியைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "அட, ஆமா. அடுக்குக் கட்டிலப் பாத்ததும் கை பாட்டுக்குக் கட்டிடுச்சு" என்று அசடு வழிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஜெபல் அலியில் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தபோது ஓர் அறைக்கு எட்டுப் பேர். ஆளாளுக்கு டூட்டி வேறு வேறு நேரம் என்பதால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கட்டிலைச் சுற்றி லுங்கியைக் கட்டிக்கொண்டால்தான் கொஞ்சமாவது இருட்டு, கொஞ்சமாவது தனியிடம். திருச்சிக்கு எனக்கு எழுதின கடிதங்களை எல்லாம் அதற்குள் குனிந்து உட்கார்ந்துதான் எழுதினாராம். "ரூம் எப்படிங்க இருக்கு?" என்று நான் ஒவ்வொரு லீவிலும் கேட்பேன். "நல்லா இருக்கு, ஏசி இருக்கு" என்பார். வேறொன்றும் சொன்னதில்லை. அவர் ஸ்டோர் அசிஸ்டென்டாக வந்து, சூப்பர்வைசர் ஆகி, குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்கிற நிலைமை வருவதற்கு ஒன்பது வருஷம் ஆனது. அதுவரைக்கும் அவருக்கு அந்த லுங்கிக்குள் ஒரு குடும்பம், எனக்குத் திருச்சியில் உன்னை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம். அன்றைக்கு லுங்கியை உருவி மடித்து வைத்துவிட்டு, நானும் அந்தக் கட்டிலிலேயே ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இனிமேல் இது வேண்டாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று நேற்றுதான் புரிந்தது.

நேற்று அல் ஐன் வந்ததும் சிவநேசன் கடைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர். கேம்ப்பில் உன் அப்பாவுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவர். இப்போது இங்கே சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர், உன் அப்பா பருப்பு வாங்க உள்பக்கம் போன சமயத்தில் என்னிடம் திரும்பி, "எனக்குத்தான் அக்கா மனம் கேக்குதில்லை. அண்ணை வாற மாசம் ஊருக்குப் போறார் எண்டு போனிலை சொன்னவர். நீங்கள் இஞ்சை பேரப்பிள்ளையோடை நிக்கிறியளாம். இந்த வயசிலை திரும்பவும் தனிய இருக்கிறது கஷ்டம்தானே" என்றார்.

நான் டீயைக் கீழே வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பயந்துபோனார். "ஏன் அக்கா, உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. எனக்குத் தெரியாது. என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஊருக்குப் போகப் போகிறார் என்று அல் ஐனில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் மனைவிக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியாது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படி இருந்தது என்று உன்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கடையிலிருந்து கிளம்பி வந்து, மலையடிவாரத்தில் முபஸ்ஸரா பூங்காவில் வெந்நீர் ஊற்றுத் தண்ணீர் வாய்க்காலாக ஓடுகிறதே, அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனம். கறி சுடுகிற புகை. பிள்ளைகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தன. நான் அவரைப் பார்க்காமலே கேட்டேன்.

"எப்போ சொன்னான் உங்ககிட்ட?"

"போன மாசம். கார்ல போகும்போது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ட்ரிப் முடியட்டும்ப்பா, அதுவரைக்கும் அம்மா சந்தோஷமா இருக்கட்டும்னான். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு."

"அங்க போய் என்ன சாப்பிடுவீங்க?"

"மெஸ் இருக்கு. டப்பா வாங்கிக்கலாம். எனக்கு என்ன, பழக்கம்தானே."

நான் வாயைத் திறந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். அவர் தண்ணீருக்குள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார். "தனியா இருக்கிறது பழக்கம்தான். ஆனா இந்த வயசுல மறுபடியும் மொதல்லேருந்து பழகணும்னு நெனச்சா பயமா இருக்கு."

உன் அப்பா பயம் என்கிற சொல்லைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டது நேற்றுதான். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே பாதி போய்விட்டது. போன பாதியையும் சேர்த்து உன் மேல் வைத்துக்கொண்டேன்.

உன் காரணங்களை எல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் ரிட்டயர் ஆகி, கம்பெனி வீட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு உன் ஃப்ளாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் போதாது. இரண்டாவது அறையில் உனக்கு மீட்டிங் இருக்கிறது. நான் குழந்தையோடு படுத்துக்கொள்ளலாம், அப்பாவை ஹாலில் படுக்க வைக்க உனக்கு மனசில்லை. ஆகா, என்ன மனசு! திருச்சி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒரு ஆள் இருந்தால் நல்லது. அப்பாவுக்கும் இங்கே போரடிக்கும். ஆக, எனக்கு விசிட் விசா, அவருக்கு ஒற்றை டிக்கெட். உன் மாமியார் முதல் மூன்று மாதம் வந்து டூட்டி பார்த்துவிட்டுப் போனார். பாவம், அவருடைய வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் தனியாக மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று குழம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா ஷிஃப்ட் முடிந்தது, இப்போது என் ஷிஃப்ட். இந்த ஊரில் விசா கொடுக்கிற முதலாளியைக் கபீல் என்போம். யாரை வைத்துக்கொள்வது, யாரை ஊருக்கு அனுப்புவது என்பதெல்லாம் அவன் இஷ்டம். உன் அப்பா எத்தனையோ கபீல்களைப் பார்த்தவர். ஆனால் பெற்ற பிள்ளையே ஒரு நாள் கபீலாக உட்கார்ந்து, கார் ஓட்டிக்கொண்டே தன்னை ஊருக்கு அனுப்புவான் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

உனக்கு நாலு வயது இருக்கும்போது அவர் லீவில் வந்திருந்தார். ராத்திரி என் பக்கத்தில் உனக்கு இடம் இல்லை என்றதும், "இந்த அப்பா எப்பம்மா போவாரு?" என்று கேட்டாய். உனக்காக வாங்கி வந்த பொம்மைக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது எனக்குத் தெரியும். பேட்டரியைப் போட்டு, பொம்மையை ஓட விட்டு, உன்னைச் சிரிக்க வைத்தார். அன்றைக்கு நீ குழந்தை, நானும் சிரித்துவிட்டேன். இன்றைக்கு உனக்கே ஒரு குழந்தை இருக்கிறது, ஆபீஸில் உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள், இப்போதும் அதே கேள்வியைத்தான் நீ கேட்டிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் எனக்கு எரிச்சலே நீ கெட்டவன் இல்லை என்பதுதான். கெட்டவனாக இருந்தால் தலை முழுகிவிட்டுப் போய்விடலாம். நீ எல்லாவற்றையும் அழகாக, கேக் வெட்டி, வீடியோ எடுத்துச் செய்கிறாய். பிரிப்பதற்கு முன்னால் ஐந்து நாள் சேர்த்து வைத்துச் சுற்ற அனுப்பியிருக்கிறாய். யாருடைய யோசனை இது? ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் கூட இவ்வளவு ஊர் சுற்றிக் காட்ட மாட்டார்கள். கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷம் ஆனவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை இருக்காது என்று உனக்கு யார் சொன்னது? எனக்கு இருக்கிறது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, சர்க்கரை அதிகம் என்று அவர் சொல்ல, நான் சண்டை போடுவது பிடித்திருக்கிறது. இதை எல்லாம் விட்டுவிட்டு வீடியோ காலில் அவர் முகத்தையும் பின்னால் ஓடுகிற ஃபேனையும் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

பேத்தியை வைத்து என்னை மடக்கலாம் என்று நினைக்காதே. அவள் என் உயிர். அதனால்தான் சொல்கிறேன், கேட்டுக்கொள். குழந்தையை வளர்ப்பது முதலில் உங்கள் இரண்டு பேருடைய வேலை. உன் பில்டிங்குக்குக் கீழேயே பிள்ளை பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. உன் மனைவி போய்ப் பார்த்து, நல்லா இருக்கு அத்தே என்று என்னிடம் சொன்னாள். நீதான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளையும் நீ கேட்டதில்லை. ராத்திரி பால் புட்டியை நீயும் எழுந்து கலக்கு. உன் மீட்டிங் சமயத்தில் குழந்தை அழுதால் உலகம் அழிந்துவிடாது. உன் பெண்டாட்டியோடு ஒரே வீட்டில், ஒரே அறையில் தினமும் இருக்கிறாயே, அது என்ன பாக்கியம் என்று உனக்குத் தெரியவில்லை. அது கிடைக்காமல் ஒன்பது வருஷம் இருந்தவர்களிடம் வந்து, இன்னும் கொஞ்ச வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்கிறாய். எவ்வளவு வருஷம்? அவள் பள்ளிக்கூடம் போகும் வரைக்குமா? அதற்குள் இன்னொன்று பிறந்தால்? எங்களுக்கு மிச்சம் இருப்பதே எவ்வளவு என்று யோசித்தாயா?

நாளைக்குச் சாயங்காலம் வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வருவோம். கதவைத் திறந்ததும் ட்ரிப் எப்படி இருந்தது என்று கேட்காதே, நான் சொல்ல மாட்டேன். அப்பாவை உட்கார வை. என் எதிரில் அவரிடம் கேள்: "அப்பா, உங்களுக்குத் தனியா போறதுக்கு இஷ்டமா?" நீ இதுவரை அவரிடம் சொல்லித்தான் இருக்கிறாய், கேட்டதில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "பரவால்லப்பா, நான் போய்க்கிறேன்" என்பார். அப்பாடா என்று உடனே எழுந்துவிடாதே. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நம் குடும்பம் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. இந்தத் தடவை நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என் பக்கம் திரும்பு. பதில் என்னிடம் இருக்கிறது.

உன் பெண்ணைப் பார்த்துக்கொள்ள நான் வேண்டுமென்றால், அந்த மீட்டிங் அறையைக் காலி பண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் கட்டில் போடு. முடியாது என்றால், நீ போட்ட டிக்கெட்டுக்குப் பக்கத்து சீட்டை எனக்கும் போடு.

உன் அம்மா